புதுக்கோட்டைச் சாலைகளில் ஐந்து நாள்: பதினெட்டு மாணவர்களும் ஒரு விசிலும்

முந்தைய நாள் மாலை, புதுக்கோட்டை

அரையாண்டு விடுமுறையில் பதினெட்டு மாணவர்கள், மூன்று பெரியவர்கள், இருபது சைக்கிள்கள், ஒரு லோடு ஆட்டோ ஆகியவற்றோடு நாளைக் காலை புறப்படுகிறோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் பத்து மாணவிகளும் எட்டு மாணவர்களும் வந்திருக்கிறார்கள். இவர்களில் ஏழு பேர் ஏறி வந்திருப்பவை அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள்கள். 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்கெனத் தொடங்கப்பட்டு, பின்னர் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்த அந்தத் திட்டத்தால் இந்த மாநிலத்தில் எத்தனை வீடுகளில் முதல் வாகனம் ஒரு பிள்ளையின் பெயரில் வந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

புதுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1991-இல் இம்மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் துணையாக நின்றார். 1992-இல் உலக மகளிர் நாளை அடுத்து, கைப்பிடியில் கொடி கட்டிய 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணி அடித்தபடி இந்த ஊருக்குள் நுழைந்ததையும், ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதையும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். கல் உடைப்பவர்களும் வயல் வேலை செய்பவர்களும் அதில் இருந்தார்கள். பெண்கள் ஓட்டும் சைக்கிள் போதிய அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே பழகினார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே அதை விரும்பியவர்களும் உண்டு.

இன்று மாலை விதிகளை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதினோம். நாளுக்கு இருவர் தலைமை: ஒருவர் முன்வண்டி, மற்றவர் கடைவண்டி. பாதை, ஓய்வு, புறப்படும் நேரம் எல்லாவற்றையும் அவர்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டறை, கணக்கு, தண்ணீர் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குழுக்கள். பெரியவர்கள் மூவரும் பாதை சொல்லக் கூடாது. நேரத்தை நினைவூட்டவும் கூடாது. என் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டுமே அதை ஊதுவேன்; ஊதினால் எல்லோரும் அந்த இடத்திலேயே இறங்கிவிட வேண்டும். இந்த விதிகளை எழுதியது நான். மாணவர்கள் மறுப்பில்லாமல் கையெழுத்திட்டார்கள்.

இருபத்தொரு பேருக்கு இருபது சைக்கிள் ஏன் என்று கேட்கலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. கணக்குப் பார்க்கிறேன் என்று பெயர் கொடுத்து, லோடு ஆட்டோவில் வருகிறாள்.

முதல் நாள், திருமயம் சென்று திரும்பியது

போக 20 கிலோமீட்டர், வர 20. காலை ஆறு மணிக்கு மார்கழிப் பனியில் புறப்பட்டபோது, கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நகரைத் தாண்டும்வரை வரிசை நீண்டும் சுருங்கியும் குழம்பியது. பின்னால் வந்த பேருந்து ஒன்று வழி கிடைக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததைப் பார்த்த கடைவண்டி மாணவன், முதல் ஓய்விலேயே குழுவை ஒன்பது பேர், எட்டுப் பேர் என இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் நடுவே ஒரு பேருந்து ஒதுங்கும் அளவுக்கு இடைவெளி விடச் சொன்னான். பெரியவர்கள் இரண்டாம் குழுவின் நடுவில் வந்துகொள்ளலாம் என்றும் சொன்னான். பல ஆண்டுகளாகக் குழுக்களோடு ஓட்டிப் பழகியவர்கள் செய்யும் ஏற்பாடு அது. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

திருமயம் கோட்டை 1687-இல் சேதுபதி மன்னரால் கட்டப்பட்டது. மேலே ஏறிப் பார்த்தோம்; குன்றின் அடியில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அருகருகே குடைந்த குகைக் கோயில்களையும் கண்டோம். வெயில் ஏறிவிட்டதால் அதிக நேரம் தங்கவில்லை.

ஊர் திரும்பியதும், மன்னர் கல்லூரி வழியாக வந்தபோது, 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி பற்றிப் பேச்சு வந்தது. ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண், 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நுழைந்தவர். இவை பாடப்புத்தகத்தில் உள்ளவைதாம். ஆனால் அந்தக் கட்டடத்தின் முன்னால் வியர்வையோடு நின்று கேட்டபோது, மாணவிகளில் ஒருத்தி, "அவங்க தினமும் எப்படிக்கா காலேஜுக்குப் போயிருப்பாங்க?" என்று கேட்டாள். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், எதில் போவது, யார் துணை என்ற கேள்விகளோடு வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் தோன்றும்.

பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்த திட்டத்தைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகளின் அளவு அதனால் 32 விழுக்காடு உயர்ந்தது என்றும், சேர்க்கையில் ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது என்றும் கண்டார்கள். இரவு இதை மாணவர்களிடம் சொன்னேன். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் மிகுந்தது என்பதை அவர்களே ஊகித்துச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் நாள், சித்தன்னவாசல், குடுமியான்மலை

புறப்படும் முன்பே பட்டறைக் குழுவின் மாணவன் ஒருவன் கணக்கு ஒன்றைத் தொடங்கியிருந்தான். சாக்கட்டியால் அடையாளம் வைத்துப் பல் எண்ணியதில், முன்சக்கரத்தட்டில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். டயரில் ஒரு கோடு போட்டு சைக்கிளை உருட்டி அளந்ததில், சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் 7 சென்டிமீட்டர் போகிறது. ஆக, பெடலை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றி, ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. சித்தன்னவாசல் 16 கிலோமீட்டர் என்றால், இறக்கத்தில் மிதிக்காமல் விடுவதைக் கழிக்காவிட்டால், சுமார் 3,200 மிதி. விகிதம் என்ற பாடத்தில் தேர்ச்சி பெறாமல் மிகவும் வருந்தியவன் அவன்தான் என்று அவனுடைய தோழர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள். வழியெல்லாம் எட்டுப் பேர் தங்கள் மிதிகளை எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்ற குகைக்கு ஏறி, சமணத் துறவிகள் படுத்திருந்த வழுவழுப்பான கற்படுக்கைகளைப் பார்த்துவிட்டு, அறிவர் கோயிலின் தாமரைக் குளத்து ஓவியத்தின் கீழ் நின்றோம். மீனும் வாத்தும் யானையும் பூப்பறிக்கும் இளைஞர்களும் மங்கிய நிறத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலைக்குப் போனது பிற்பகலில். குன்றின் சரிவில், பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது; கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, சுரக்கோவைகள். அதன் இறுதியில், உருத்திராச்சாரியாரின் மாணாக்கனான ஓர் அரசன் மாணாக்கர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று உள்ளது. அரசனின் பெயர் அதில் இல்லை. யாருடைய மாணாக்கன், யாருக்காகச் செய்தான் என்ற இரண்டும் மட்டும் இருக்கின்றன. நான் இதைப் படித்துச் சொன்னபோது ஒரு மாணவி அந்த வரியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். கோடைக்கு முன்புவரை அவளுக்கும் சைக்கிள் தெரியாது. ஆட்டோவில் வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு நேற்று மாலையிலிருந்து கற்றுக்கொடுக்க முன்வந்திருப்பவள் அவள்தான்.

அவள் கற்றுக்கொடுக்கும் முறையை விவரமாகவே எழுத வேண்டும். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என்ற பழைய வழக்கத்தை அவள் வைத்துக்கொள்ளவில்லை. முதலில் இரண்டு பெடல்களையும் கழற்றினாள். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்பும் என்பது பட்டறைக் குழுவுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒருவன் அரைமணி நேரம் அதை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். பிறகு இரண்டு கால்களும் முழுதாகத் தரையில் படியும்படி இருக்கையைத் தாழ்த்தினாள். லேசான இறக்கத்தில் காலால் உந்தி உந்தி உருளச் செய்தாள். சாய்ந்தால் கால் ஊன்றிக்கொள்ளலாம் என்று உடம்புக்குத் தெரிந்தபின், கால்கள் தரையிலிருந்து தாமாகவே எழுகின்றன. சமநிலை வந்தபின்தான் பெடல். கேரியரை ஒருவர் பிடித்திருக்கும்போது சைக்கிளின் சாய்வைத் தாங்குவது அந்தக் கைதான். ஓட்டுபவரின் உடம்பு அதைக் கற்பதில்லை.

நாங்கள் தங்கிய இடத்தருகே இதைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் எழுந்து வந்தார். கல் உடைக்கும் வேலைக்குப் போனவர், அறிவொளிக் காலத்தில் தன் வீட்டுக்காரரின் சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர் என்று பேச்சில் தெரிந்தது. "சக்கரத்தப் பாக்காத தாயி, போற தடத்தப் பாரு" என்று அந்தப் பெண்ணின் தாடையை நிமிர்த்தினார். எத்தனை நாளில் கற்றீர்கள் என்று நான் கேட்டதற்கு, "மூணு நாளு. நாலாம் நாளு பக்கத்து வீட்டுக்காரிக்கு நான் சொல்லிக் குடுத்தேன். அப்பத்தான் எனக்கே சரியா வந்துச்சு" என்றார். தொண்டர்கள் சிலர் கற்பித்து ஒரு லட்சம் பேர் ஓட்டியிருக்க முடியாது. கற்ற ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைபிடித்ததால்தான் அது இயக்கமாயிற்று என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாம் நாள், இலுப்பூரோடு நின்றது

இன்று கொடும்பாளூரைப் பார்த்துவிட்டு விராலிமலையில் தங்குவது திட்டம். அது நடக்கவில்லை.

விடியற்காலையில் பட்டறைப் பெட்டி திறந்து கிடந்தது. அதில் ஆறு ஒட்டுகளே மிச்சம் இருந்ததையும், சொலூஷன் டியூபின் மூடி சரியாகத் திருகப்படாததையும் நான் பார்த்தேன். விதிப்படி எதுவும் சொல்லவில்லை. அன்றைய முன்வண்டி பதினொன்றாம் வகுப்பு மாணவி. பெரிய சாலையில் லாரி அதிகம் என்பதால் உள்பாதையைத் தேர்ந்தெடுத்தாள். அது சரியான முடிவு. ஆனால் அந்தப் பாதையோரச் சீமைக் கருவேலத்தை அண்மையில்தான் வெட்டி, அங்கேயே போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து சைக்கிள்கள் பஞ்சர். ஒரு டியூபில் மூன்று துளை. முள் டயருக்குள் ஒடிந்து நிற்பதைக் கவனிக்காமல் ஒட்டிய டியூப் உடனே மறுபடி இறங்கியது. சொலூஷன் காய்ந்து போயிருந்தது.

கண்மாய்க் கரையில் இருபது பேரும் உட்கார்ந்தோம். (ஆட்டோ முன்னதாக விராலிமலைக்குப் போயிருந்தது, கணக்குப் பெண்ணும் அதில் இருந்ததால் எங்களில் மாணவர்கள் பதினேழு பேர்.) முன்வண்டி மாணவி நல்ல நிலையில் இருந்த சைக்கிள்களில் மூவரை இலுப்பூருக்கு அனுப்பி ஒட்டும் சொலூஷனும் வாங்கிவரச் சொன்னாள். மற்றவர்கள் அதற்குள் எல்லா டியூபையும் கண்மாய்த் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடங்களில் அடையாளம் வைத்து, டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து ஒவ்வொரு முள்ளையும் எடுத்துவிட வேண்டும் என்றாள். போனவர்கள் வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இலுப்பூரை அடைந்தபோது நான்கரை மணி.

டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மீதி வழியில் ஒரு பகுதி திருச்சி மதுரை தேசிய நெடுஞ்சாலை. பாதிப் பேர் போய்விடலாம் என்றார்கள். கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்க்காமல் விடுவதா என்று இருவர் கோபப்பட்டார்கள். என் கை விசிலில் இருந்தது. பின்விளக்கு இல்லாத சைக்கிள்களோடு இருட்டில் நெடுஞ்சாலையில் ஏறுவது பிழையிலிருந்து கற்கும் இடம் அன்று. அங்கே நான் ஊதியே இருப்பேன். தேவைப்படவில்லை. "இன்னிக்கு இங்கதான் தங்குறோம். என்னைத் திட்டணும்னா ராத்திரி திட்டிக்கலாம்" என்று அவள் சொன்னாள். ஆட்டோவைத் திரும்ப அழைத்தாள். கணக்குப் பெண் விராலிமலைத் தங்குமிடத்தை ரத்து செய்து, முன்பணத்தில் பாதியை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

இரவுக் கூட்டத்தில் முன்வண்டி மாணவி தானாகவே, காலையில் பெட்டியை எண்ணாதது தன் தவறு என்றாள். பட்டறைக் குழுவும் ஒப்புக்கொண்டது. பிறகு மிதிக் கணக்குப் போட்ட மாணவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, பெட்டியில ஒட்டு இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அப்ப ஏன் சொல்லலை?"

முடிவுகள் உங்களுடையவை, பெரியவர்கள் குறுக்கிட்டால் பொறுப்பு உங்களிடம் தங்காது என்று நான் விளக்கினேன். சிலர் தலையசைத்தார்கள். அவன் அசைக்கவில்லை. "முடிவு எடுக்காதீங்கன்னுதான் விதி. தெரிஞ்சதை மறைங்கன்னு இல்லையே" என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது, எல்லோரும் தூங்கியபின் இதை எழுதும்போதும், அவன் சொன்னதில் தவறு காண முடியவில்லை. பத்து ஆண்டுகளாக நான் கடைப்பிடித்துவந்த மௌனத்தில் இரண்டு வேறு செயல்கள் கலந்திருக்கின்றன: முடிவைப் பிள்ளைகளிடம் விடுவது ஒன்று, செய்தியைப் பிள்ளைகளிடமிருந்து ஒளிப்பது மற்றொன்று. முதலாவது பயிற்சி. இரண்டாவதைச் சோதனை என்றுதான் சொல்ல முடியும். எந்தக் குழுவிலும் ஒருவர் மற்றவர்களைச் சோதித்துக்கொண்டே உடன் ஓட்ட முடியாது.

நான்காம் நாள், கொடும்பாளூர், நார்த்தாமலை

விராலிமலையை விட்டுவிடுவது, மயில்களை இன்னொரு முறை பார்த்துக்கொள்வது என்று இன்றைய தலைமை முடிவு செய்தது. புறப்படுமுன் பெட்டியைத் திறந்து, எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, நோட்டில் எழுதினார்கள்.

கொடும்பாளூரில் மூவர் கோயில்களில் இரண்டே நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். சிற்றரசன் இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் இரு மனைவியர் பெயரிலும் எடுத்தவை. நேற்றுக் கோபப்பட்ட இருவரும் இங்கே வெகுநேரம் நின்றார்கள்.

பிறகு கிழக்கே நீண்ட ஓட்டம். தைல மரக் காடுகளும் செம்மண்ணும் எதிர்க்காற்றும். நார்த்தாமலையை நெருங்கும் முன், வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு சிறு சாலையில், கணக்குப் பெண் ஆட்டோவிலிருந்து இறங்கி, தனக்குக் கற்றுக்கொடுத்த மாணவியின் சைக்கிளில் ஏறி, மூன்று கிலோமீட்டர் ஓட்டினாள். தாடை நிமிர்ந்திருந்தது. ஒரு முறை விழுந்தாள்; முழங்கை சிராய்ந்தது; எழுந்து ஏறினாள். சைக்கிளைக் கொடுத்தவள் பக்கத்திலேயே ஓடிவந்தாள், ஆனால் தொடவில்லை.

மாலையில் பாறைமேல் ஏறி விஜயாலய சோழீச்சுரத்தைப் பார்த்தோம். சதுரச் சுவருக்குள் வட்டமான கருவறை. மழையில் இடிந்த கோயிலை ஒருவர் திருப்பிக் கட்டிய செய்தியும் அங்குள்ள கல்வெட்டில் இருக்கிறது. பழுது பார்த்தவர் பெயரையும் பொறித்திருக்கிறார்கள் என்பது பட்டறைக் குழுவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ஐந்தாம் நாள், புதுக்கோட்டை திரும்பியது

17 கிலோமீட்டர், எந்தத் தடங்கலும் இல்லை. பத்து மணிக்குள் ஊர்.

மதியம், நோட்டைக் கொடுக்கும்படி என்னிடம் கேட்டார்கள். பதினெட்டுப் பேரும் தனியாகப் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தார்கள். நான் எழுதிய விதிகளில் விசில் அப்படியே இருந்தது. பெரியவர்கள் பாதை சொல்லக் கூடாது என்பதும் இருந்தது. அதன் கீழே வேறொருவர் கையெழுத்தில், "பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைக் காலைக் கூட்டத்தில் ஒரு முறை சொல்ல வேண்டும். அதன்பிறகு முடிவு நாளின் தலைமையுடையது" என்று சேர்த்திருந்தார்கள். நேரத்தை நினைவூட்டக் கூடாது என்ற வரியை அடித்திருந்தார்கள். எடுத்துவர வேண்டியவற்றின் பட்டியலில் ஒட்டு 60, சொலூஷன் 5, ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின்விளக்கு 1 என்று இருந்தது. சைக்கிள்களின் எண்ணிக்கை 20 என்பது 21 ஆகத் திருத்தப்பட்டிருந்தது.

கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன். நோட்டைத் திருப்பித் தருவார்கள் என்று கையை நீட்டினேன். அடுத்த பயணம்வரை அது தங்களிடமே இருக்கட்டும் என்று முன்வண்டி மாணவி அதைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.